ரொட்டிக் கல்யாணத்துப் பிள்ளை

ரோம்,
ஏப்ரல் நடுநாளுக்கு நான்கு நாள் முன்.

கடேஸ் துறைமுகத்தில் இருக்கும் தம்பி ஸ்பூரியஸ் வெதூரியஸுக்கு அக்கா வெதூரியா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீ நன்றாக இருக்கிறாய் என்று கேட்டால் என் நோய் பாதி குறையும். மீதிப் பாதி முழங்காலில் இருக்கிறது, அதை யாரும் குறைக்க முடியாது. உன் அத்தான் நோவியஸ் சுகம்.

ஜூபிடரின் பெரிய பூசாரியுடைய மனைவி போன மாதம் காலமானாள். மனைவி போனால் அன்றே பதவியும் போய்விடும் அல்லவா? பாவம், அந்த மனிதர் பூசைத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். குருமார் சபை இப்போது அடுத்த ஆளைத் தேடுகிறது. பழைய உயர்குலத்தில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, ரொட்டிக் கல்யாணம் செய்துகொண்ட தாய் தகப்பனுக்குப் பிறந்திருக்க வேண்டும். பத்து சாட்சி, தெய்வத்துக்குப் படைத்த கோதுமை ரொட்டி, ஆட்டுத்தோல் விரித்த நாற்காலி என்று அந்தச் சடங்கை இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள்? ஊரையே சல்லடை போட்டுச் சலித்து மூன்று பெயர் எடுத்திருக்கிறார்கள். மூன்று பெயர் இருந்தால்தான் அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. மூன்றாவது பெயர் உன்னுடையது.

பயப்படாதே, எண்ணிக்கைக்குத்தான். நீ ஜூன் தொடக்கத்தில் வந்து ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும். வராமல் இருந்தால் அப்பாவின் பெயருக்கு இழுக்கு. அத்தானும் நீ வருவதை மிகவும் எதிர்பார்க்கிறார்.

குதிரைகளுக்குத் தீனி போடும் நேரத்தில் நீயும் சாப்பிடு.

உன் அக்கா.


கடேஸ்,
மே முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்.

அக்காவுக்கு ஸ்பூரியஸின் வணக்கம். நான் கல் மாதிரி இருக்கிறேன். உன் முழங்காலுக்கு இங்கே ஒரு கிழவன் மீன் கொழுப்பில் தைலம் காய்ச்சுகிறான். நாற்றம் தாங்காது, ஆனால் வலி பயந்து ஓடிவிடுமாம். இந்தக் கப்பலிலேயே ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன்.

ஆக, என்னை உப்புக்குச் சப்பாணியாகக் கூப்பிடுகிறார்கள். வரலாம்தான். ஆனால் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கறுப்புப் பெண்குதிரை சினையாக இருக்கிறது. அதோடு கோடை முடிவில் எனக்குக் கல்யாணம். பெண் பெயர் அரிஷாத், கயிறு திரிக்கிறவருடைய மகள். உன் வீட்டுக் கூடத்தில் தொங்கும் நம் பதினோரு மூதாதையரின் மெழுகு முகங்களும் இதைக் கேட்டால் ஒன்றாகச் சுளித்துக்கொள்ளும், தெரியும். சுளிக்கட்டும்.

இரண்டு விஷயம் சொல். மற்ற இரண்டு பேர் யார்? இரண்டாவது, அம்மா ஞாபகம் இருக்கிறதா? இடி இடிக்கும்போதெல்லாம் அம்மா, "எங்க கல்யாணத்தன்னைக்கு மாதிரியே இருக்கு" என்று ஆரம்பித்து, அப்பா முறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். சடங்கு நடுவில் இடி இடித்தால் ரொட்டிக் கல்யாணம் செல்லாது என்பார்கள். அப்படியானால் நான் அந்தப் பட்டியலிலேயே வரமாட்டேன். பத்து சாட்சிகளில் மாமெர்கஸ் பெரியப்பா ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். அவரைப் போய்க் கேட்டு எழுது. இடித்தது என்றால் பயணச் செலவு மிச்சம்.

தம்பி.


ரோம்,
மே நடுநாளுக்கு ஐந்து நாள் முன்.

அன்புத் தம்பிக்கு. தைலம் வந்தது. வேலைக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தேய்க்கிறார்கள். கொஞ்சம் குணம் தெரிகிறது. நீ நலமாயிரு.

மாமெர்கஸ் பெரியப்பாவைப் போய்ப் பார்த்தேன். காது சுத்தமாகப் போய்விட்டது. நினைவும் சரியில்லை. என்னை அவர் அம்மா என்று நினைத்துக்கொண்டு அத்திப்பழம் கேட்டார். அவரிடம் எதையும் கேட்டுப் பயனில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி நேரில் பேசலாம். புறப்படும்போது கனமான போர்வை எடுத்துக்கொள், கப்பலில் காற்று அடிக்கும். அத்தான் ஓஸ்தியாத் துறைக்கு ஆள் அனுப்புகிறார். உனக்குப் பிடித்த தேன் போட்ட பாலாடைக்கட்டி அப்பம் செய்யச் சொல்லியிருக்கிறேன். தவறாமல் வா.

உன் அக்கா.


கடேஸ்,
மே முடிவதற்கு எட்டு நாள் முன்.

அக்காவுக்கு. சுகம்; சுகமே உண்டாகட்டும். அவசரத்தில் எழுதுகிறேன், நாளை கப்பல்.

நீ சொன்னாய் என்பதற்காக மட்டும் வருகிறேன். அம்மா போனபின் என்னை வளர்த்தவள் நீ, உன் வார்த்தையைத் தட்டத் தெரியாது. அரிஷாத்துக்குக் கோபம். "ஒரு நாள் உக்காந்துட்டு வர்றதுக்கு எதுக்கு ஒரு மாசம் கடல்ல போகணும்? உங்க ஊர்ல பெஞ்சு தேய்க்க ஆளே இல்லையா?" என்று கேட்டாள். கறுப்புக் குதிரை குட்டி போடுவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

மற்ற இரண்டு பேர் யார் என்று நீ எழுதவில்லையே?

ஸ்பூரியஸ்.


ரோம்,
ஜூலை முடிவதற்கு மூன்று நாள் முன்.

கடேஸுக்குப் போய்ச் சேர்ந்த அக்காவுக்கு, அவள் விட்டுவிட்டுப் போன ஊரிலிருந்து தம்பி எழுதுவது. பயணம் நல்லபடியாக முடிந்ததா? கடல் காற்று முழங்காலுக்கு எப்படி இருக்கிறது?

நீயும் நானும் இடம் மாற்றிக்கொண்டோம் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, அப்புறம் வரவில்லை. நான் பூசாரியான மறுவாரமே அத்தானுக்கு கடேஸில் மாகாணத் தலைவரின் பரிவாரத்தில் பதவி வந்தது. உலகத்தில் எத்தனையோ துறைமுகம் இருக்க, என் துறைமுகமே உங்களுக்கு விழுந்தது.

அந்த நாளைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாய், நான் கேட்கவில்லை. பெஞ்சில் என்னைத் தவிர யாரும் இல்லை, அக்கா. பட்டியலை வாசித்தார்கள். முதல் பெயர்க்காரன் மார்ச்சிலேயே காய்ச்சலில் செத்தவன். இரண்டாமவனுக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது, குறையுள்ள உடம்பு பூசைக்கு ஆகாது. சபைத் தலைவர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "உன்னை எடுத்துக்கொள்கிறேன்" என்றார். போரில் பிடித்த கைதியை அப்படித்தான் பிடிப்பார்கள்.

இனி நான் குதிரையைத் தொடக் கூடாது. இந்த ஊருக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. கட்டிலை விட்டு மூன்று இரவு தள்ளிப் படுக்கக் கூடாது. என் உடையில் முடிச்சு இருக்கக் கூடாது, மோதிரம்கூட வெட்டிவிட்ட மோதிரம்தான். நான் தெருவில் நடந்தால், என் கண்ணில் வேலை படக் கூடாதென்று, தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டு நான் போகும்வரை சும்மா நிற்கிறான். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. நேற்று ஒரு திருடன் காவலரிடமிருந்து தப்பி என் வீட்டுக்குள் ஓடி வந்தான். விலங்கோடு வந்தவனை அவிழ்த்துவிட வேண்டும் என்பது என் வீட்டுச் சட்டம். சங்கிலியைக் கூரைமேல் ஏற்றித் தெருவில் எறிந்தோம். அவன் என்னைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். நான் உள்ளே வந்தேன்.

சபை எனக்குக் கட்டிவைத்த செர்கியா நல்லவள். கல்யாணம் முடிந்து எட்டாம் நாள் அவளே பேச்சைத் தொடங்கினாள். "உங்களுக்காவது குதிரை இருந்துச்சு. என்னைப் பூசாரி பொண்டாட்டி போடுற இந்த முக்காட்டுக்காகவே இருபது வருஷம் வீட்டுக்குள்ள வச்சிருந்தாங்க. வாசல் படியைக்கூட எண்ணித்தான் இறங்கணும்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

அரிஷாத்தைப் பார்த்தாயா? அவளிடம் யாராவது சொன்னார்களா? இதற்கு மட்டும் பதில் எழுது.

தம்பி.


கடேஸ்,
செப்டம்பர் முடிவதற்கு ஐந்து நாள் முன்.

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள். நாங்கள் நலம். நீயும் செர்கியாவும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே வெளிச்சம் அதிகம். மாடியிலிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் கடல். மீன் உப்பில் ஊறுகிற வாசனைக்கு இன்னும் பழகவில்லை. அத்தானுக்கு வேலை பிடித்திருக்கிறது. விருந்துகளில், "என் மைத்துனர் ஜூபிடரின் பூசாரி" என்று சொல்லாமல் அவர் ரொட்டியைக்கூடப் பிய்ப்பதில்லை. உன் கறுப்புக் குதிரை ஆண்குட்டி போட்டது. நெற்றியில் வெள்ளை.

இனி கடல் மூடிவிடும், மார்ச்சில் காற்று மாறும்வரை கப்பல் இல்லை. கடிதம் வராவிட்டால் வருந்தாதே.

உன் அக்கா.


ரோம்,
டிசம்பர் முடிவதற்கு நான்கு நாள் முன்.

அக்காவுக்கு. நலம் விசாரிக்க மனமில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். இது நிலவழியாக ராணுவத் தபால்காரனிடம் வருகிறது. கடலைச் சாக்குச் சொல்ல முடியாது.

சனிப்பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல மாமெர்கஸ் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உள்முற்றத்தில் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தார். நான் வாசலில் காலை வைத்ததுமே, "யாரு, மரச்செருப்பு சத்தம் கேக்குது?" என்றார். வாசலில் வைத்த செருப்பு உள்முற்றத்தில் கேட்கிற காது, அக்கா.

நானே கேட்டேன். அவர் காயை உருட்டிக்கொண்டே சொன்னார்: "இடிச்சுது. உங்கம்மா கையில இருந்த ரொட்டி கீழ விழுந்துச்சு. நாங்க பத்துப் பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். உங்க தாத்தா, 'வண்டி போற சத்தம்'னாரு. சரி, வண்டின்னு வச்சுக்கிட்டோம். இதையெல்லாம் உங்கக்கா ஏப்ரல் தொடக்கத்துலயே வந்து கேட்டுட்டுப் போயிட்டாளே. யார்கிட்டயும் சொல்லவேணாம்னு கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் கேட்டு எழுதுவதற்கு முன்பே நீ போய்க் கேட்டிருக்கிறாய்.

ஏன் என்று மட்டும் எழுது.

ஸ்பூரியஸ்.


ரோம்,
பிப்ரவரி நடுநாள்.

அக்காவுக்கு. நான் உயிரோடு இருக்கிறேன். நீ பதில் எழுதவில்லை. நானும் உன்னைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை.

மாமெர்கஸ் பெரியப்பாவைப் பல்லக்கில் ஏற்றிச் சபைக்கு அழைத்துப் போனேன். பூசாரி சத்தியம் செய்யக் கூடாது என்பதால் நான் வாயைத் திறக்க முடியாது, அவர்தான் சொன்னார். தெளிவாகச் சொன்னார். என் பெற்றோர் கல்யாணம் செல்லாது, ஆகவே நான் பூசாரியாக இருக்கத் தகுதியில்லை என்று சொல்லி விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். சொன்னால் நம்பமாட்டாய், ஒரு பழைய சவாரிச் செருப்பைத் தேடி எடுத்து எண்ணெய்கூடப் போட்டு வைத்தேன்.

சபை கூடி விவாதித்தது. பத்து சாட்சிகளில் ஒன்பது பேர் இறந்துவிட்டார்கள். அந்த ஒன்பது பேரும் சாகும்வரை இடி இடித்தது என்று சொல்லவில்லை. சொல்லாததால் இடிக்கவில்லை என்று சொன்னதாகவே ஆகும். ஆக ஒன்பதுக்கு ஒன்று. பெரும்பான்மை செத்தவர்கள் பக்கம். பதினைந்து பேர் கை தூக்கி, நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காலையில் வானம் அமைதியாக இருந்தது என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு பேர் சொல்லியிருந்தால் யோசித்திருப்போம் என்று எழுத்தர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

வெளியே வரும்போது சபைத் தலைவர் என் தோளைத் தொட்டார். "தம்பி, இடியெல்லாம் கணக்குல எடுத்தா ரோம்ல உயர்குலம்னு ஒருத்தன் மிஞ்சமாட்டான். எங்க வீட்டுலயும் இடிச்சிருக்கும். போய்ப் பூசையைப் பாருங்க" என்றார்.

அந்தச் செருப்பைத் தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஸ்பூரியஸ்.


கடேஸ்,
மார்ச் முடிவதற்கு ஆறு நாள் முன்.

தம்பிக்கு. முதல் கப்பலில் இது வருகிறது. உன் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தினமும் நினைக்கிறேன்.

உன் இரண்டு கடிதமும் வந்தன. இருபது தடவை எழுத உட்கார்ந்தேன். மெழுகுப் பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாகக் குளிர்காலம் போயிற்று. இப்போது அழிக்காமல் எழுதுகிறேன்.

போன வருஷம் மார்ச் மாதமே சபையிலிருந்து ஆள் வந்து பேசினார்கள். உன்னைத் தவிர யாரும் இல்லை என்று அன்றைக்கே தெரியும். பூசாரியின் அக்கா வீட்டுக்காரர் என்றால் மாகாணத்தில் இடம் உண்டு என்றும் சொன்னார்கள். அன்று சாப்பாட்டு நேரத்தில் அத்தான் என்னைப் பார்த்து, "பதினாறு வருஷமா உங்க அப்பன் பாட்டன் மெழுகு மூஞ்சிக்கெல்லாம் சோறு போட்டாச்சு. ஒரு புள்ளையும் இல்லை, ஒரு பதவியும் இல்லை. இதுவும் நடக்கலேன்னா நீ உன் மூஞ்சிகளை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கே போயிடு" என்றார். சத்தம் போடவில்லை. ஆலிவ் கொட்டையைத் தட்டில் துப்பிவிட்டுச் சொன்னார்.

நாற்பது வயது, தம்பி. கூரை ஒழுகுகிற அந்த வீட்டில், எலி கடித்த பதினோரு முகங்களோடு, வெதூரியஸ் குலத்து மகள் என்ற பேரை மட்டும் தின்றுகொண்டு இருக்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரு எண்ணெய் வியாபாரியின் மகளாகப் பிறந்திருந்தால் வியாபாரமாவது செய்திருப்பேன். நமக்கு அதுவும் கூடாது. பயத்தில் உன்னை விற்றேன். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நீ ஒன்று மட்டும் கேட்டாய், அதற்கும் நான் பதில் எழுதவில்லை. அரிஷாத்தை வந்த வாரமே பார்த்தேன். கயிற்றுக் கொட்டகையில் நின்றிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் அந்த அக்காவா? ரொட்டி தின்னு கல்யாணம் பண்ணவங்களுக்குப் பொறந்தவன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு எவனாவது மீனுக்கு உப்புப் போடுறவனைப் பாத்துக் கட்டியிருப்பேனே" என்றாள். அதன் பிறகு எனக்கு ஒரு முக்காலி எடுத்துப் போட்டாள், முழங்காலைப் பார்த்து. குளிர்காலம் முழுவதும் காத்திருந்தாள். போன மாதம் அவள் அப்பா அவளை ஒரு படகோட்டிக்குக் கட்டிவைத்தார். குட்டியை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

வெதூரியா.


ரோம்,
மே நடுநாளுக்கு எட்டு நாள் முன்.

அக்காவுக்கு ஸ்பூரியஸ். நான் நலம். நீ உன் முழங்காலுக்கு அந்தத் தைலத்தை விடாமல் போடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இன்னும் முழுக்கப் போகவில்லை. குட்டியை அவளுக்குக் கொடுத்தது நல்லது.

செர்கியா உண்டாகியிருக்கிறாள். செப்டம்பரில் பிறக்கும். செய்தி வெளியே போன மூன்றாம் நாள் சபையிலிருந்து ஒரு கூடை மாதுளையும் ஒரு வாழ்த்தும் வந்தன. "அடுத்த பட்டியலுக்கு முதல் பெயர் கிடைத்துவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். வேடிக்கையாகத்தான் எழுதினார்கள். செர்கியா அதைப் படித்துவிட்டு மாதுளையைத் தொடவில்லை. அன்று முழுக்க எதுவுமே சாப்பிடவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரோட போகட்டும்ங்க. இதையும் புடிச்சுக் குடுக்க என்னால முடியாது" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன். எங்கள் கல்யாணத்தன்று வானம் துடைத்து வைத்தது போல இருந்தது, உனக்கும் தெரியும். பத்து சாட்சிகளில் அத்தானும் ஒருவர், நீ என் பின்னால் நின்றாய். நீயும் அவரும் இடி கேட்டதாக எழுதி, முத்திரை வைத்து அனுப்பு. இப்போது சபையில் சொல்லிவிடாதே. சொன்னால் மறுநாளே இன்னொரு ரொட்டி சுட்டு எங்களைத் திரும்பக் கட்டிவைத்துவிடுவார்கள். குழந்தை பிறந்து, பெயர் வைத்து, அது வளர்ந்து யாராவது அதன் மணிக்கட்டைப் பிடிக்க வரும் நாளில்தான் அதைத் திறப்பேன். நான் சத்தியம் செய்ய முடியாதவன். எனக்கு இரண்டு பேருடைய வாய் வேண்டும்.

நான் இங்கிருந்து வரப்போவதில்லை. அதை நீ எண்ணி எண்ணி உருக வேண்டாம். இது எனக்காக இல்லை.

ஸ்பூரியஸ்.


கடேஸ்,
ஜூன் நடுநாள்.

தம்பிக்கும் செர்கியாவுக்கும் அக்காவின் ஆசிகள். வயிற்றுப்பிள்ளைக்காரி வெயிலில் நிற்க வேண்டாம். மாதுளை சாப்பிடலாம், அது என்ன பாவம் செய்தது?

கூட வருகிற மரப்பேழையில் இரண்டு பலகை இருக்கிறது, ஒன்று என்னுடையது, ஒன்று அத்தானுடையது. அவர் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. இது வெளியே வந்தால் பதவியும் போகும், மரியாதையும் போகும் என்றார். சபைக்குப் பொய் சொல்ல என் குலம் என்ன உன் குலம் மாதிரியா என்றும் கேட்டார். மெழுகு முகங்களோடு நான் நாளைக்கே புறப்படத் தயார், மூட்டை கட்டியாகிவிட்டது என்றேன். உண்மையிலேயே கட்டியிருந்தேன், வாசலில் பார்த்திருக்கிறார். நாலு நாள் தனியாகச் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். முத்திரையை நானே பதித்தேன், ஆனால் எழுத்து அவருடையது.

உனக்கு ஒரு வழியைக்கூட நான் திறந்துவிடவில்லை. அது என் காலத்துக்கும் என்னோடு இருக்கும்.

பிள்ளையிடம் எப்போதாவது சொல்ல நேர்ந்தால் தெளிவாகச் சொல். செர்கியா ரொட்டியை உடைத்த நேரத்தில் இடித்தது. இடப்பக்கம், ஒரே ஒரு தரம், பலமாக. நானும் அத்தானும் அப்படியே சொல்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

உன் அக்கா,
வெதூரியா.